பதினான்கால் வகுத்தவள்

டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீக்கு பில் கேட்ட ஒரே ஆள் என்று நான் அறிந்தது அவளைத்தான். நாகமலை புதுக்கோட்டையில், எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த கடை. சிறப்புரை ஆற்ற வந்த ஒருவருக்கு வகுப்புப் பணத்தில் டீ வாங்கிக் கொடுத்திருந்தோம். மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பில்லா? கிளாஸுக்கு அடியில ஒட்டியிருக்கும், பாத்து எடுத்துக்கம்மா" என்றார். அவள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'டீ ஒன்று, பன்னிரண்டு ரூபாய்' என்று எழுதி அவரிடமே நீட்டினாள். அவரும் என்ன நினைத்தாரோ, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

"யாரு கேக்கப் போறா?"

"யாராச்சும்."

இந்த 'யாராச்சும்' என்கிற ஆசாமியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்கு அவன் எப்போதும் இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தான். நூலகத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, காவலாளியின் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நேரம் எழுதுவாள். ஒருமுறை மழைக்கு என் குடையை வாங்கிப் போனவள், மறுநாள் திருப்பிக் கொடுத்த கையோடு அதைப் படம் பிடித்து, 'குடை நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று எனக்கே வாட்ஸப்பில் அனுப்பினாள். வகுப்பில் அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர். உண்மைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இது நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன, அவள் இன்னும் மதுரையில்தான் இருக்கிறாள், எனக்கு அவளிடம் பயம்.

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் இருந்தோம். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் பன்னிரண்டு நாள் படிப்புப் பயணம் என்று துறையில் அறிவித்தார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் தொழிற்சாலை, கிடங்கு என்று சுற்றிக் காட்டுவார்கள். அங்கே நாங்கள் பார்க்கப் போகிற ஒரு நிறுவனத்துக்குச் சென்னையில் கிளை உண்டு, போய் வந்தவர்களில் சிலரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சுதான் என்னை இழுத்தது. பதினைந்து பேர் பெயர் கொடுத்தோம். அவள் பெயரும் அதில் இருந்தது.

பயணத்துக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் முதல் நாளே விவரம் சொன்னார். விசாவுக்கு மூன்று மாத வங்கிக் கணக்கு காட்ட வேண்டும், பணம் கொடுப்பவர் யார் என்று எழுத வேண்டும், சில சமயம் விசா அலுவலகத்திலிருந்து அவருக்கே போன் செய்து விசாரிப்பார்கள். இதை அவர் போகிற போக்கில் சொன்னார். எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் சொல்வார். ஒரு வாரம் கழித்து ஒரு பட்ஜெட் கொண்டுவந்தார். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, விசா, இதர. ஐந்தே வரிகள், ஆளுக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம்.

அவள் எழுந்தாள். "சார், இதரன்னா என்ன சார்?"

"இதரன்னா... இதரதாம்மா."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் கடுப்பாகி, "அப்ப நீயே போட்டுக் கொண்டாந்துரு. இனிமே நீதான் டிரஷரர்" என்றார். தண்டனை கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

இரண்டு நாளில் நாற்பத்து மூன்று வரிகளோடு வந்தாள். யூரோவுக்கு அன்றைய விலையோடு ஐந்து ரூபாய் கூட்டிப் போட்டிருந்தாள். "நம்ம வாங்குறப்ப ஏறியிருக்கும்." அந்த ஊரில் பொதுக் கழிப்பறைக்குக் காசு போட்டால்தான் கதவு திறக்குமாம், நாளைக்கு மூன்று முறை என்று அதற்கு ஒரு வரி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "எனக்கு நாலு போடும்மா" என்று கத்தினான். அவள் கிண்டல் என்றே எடுத்துக்கொள்ளாமல் மூன்றை அடித்து நான்காக்கினாள், எல்லோருக்கும்.

கீழே போகப் போகச் சிரிப்பு குறைந்தது. பாஸ்போர்ட் தொலைந்தால் என்று ஒரு வரி. பல்வலி வந்தால், ஏனென்றால் நாங்கள் எடுக்கும் காப்பீட்டில் பல் வராதாம். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் துணைக்கு நிற்பவருக்கான செலவு. நாற்பத்து மூன்றாவது வரியில், 'வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகி அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் ஒருவழி டிக்கெட்' என்று இருந்தது. அதைத் திரையில் எல்லோரும் படித்தோம். ஒவ்வொருவனும் தன் வீட்டில் யாரோ ஒருவரை நினைத்திருப்பான். நான் அப்பாவை நினைத்தேன்.

மொத்தம் ஆளுக்கு இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். பேராசிரியர் காகிதத்தை மேசையில் போட்டார். "ஏம்மா, டூருக்கு பட்ஜெட் போடச் சொன்னா எழவுக்கு போட்டுக் கொண்டாந்திருக்க?"

"வந்துட்டா என்ன சார் செய்யிறது?" என்றாள். குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலத்தான் கேட்டாள். அவர் காகிதத்தை மறுபடி எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அந்த பட்ஜெட்தான் நின்றது.

அதற்குப் பிறகு எங்களுக்கெல்லாம் அவளுடைய பயம் தொற்றிக்கொண்டது. யார் வீட்டிலும் பருப்புப்பொடியை வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பக் கூடாது என்றாள். விமான நிலையத்தில் பையைப் பிரித்து, இது என்ன பொடி என்று கேட்டால்? 'பருப்புப்பொடி. சோற்றில் பிசைந்து சாப்பிடுவது' என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தாள். என் அம்மா அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பருப்புப்பொடிக்கா போலீசு புடிக்கும்?" என்று கேட்டார். அம்மா கேட்டபோது சிரித்தேன். அன்று இரவே அந்தச் சீட்டைப் பொடி டப்பாவில் ஒட்டி வைத்தேன்.

பொடியாவது பொடி. பணம் அப்படியல்ல. எங்களில் ஒருவனுடைய அப்பா வட்டிக்கடை வைத்திருந்தார். அவன் ஒரு யோசனை சொன்னான். "மாப்ள, அப்பாகிட்ட மூணு லட்சம் கேட்டிருக்கேன். உன் அக்கவுண்டுல நாலு நாள், அவன் அக்கவுண்டுல நாலு நாள். ஒரு சுத்து வரட்டும். எல்லாருக்கும் பேலன்ஸ் காட்டியாச்சு, காரியம் முடிஞ்சுச்சு." ஆறு பேர் அப்படியே செய்தார்கள். பேலன்ஸ் காட்ட ஊரில் பலரும் செய்கிற வேலைதான், யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

அவள் எல்லோரிடமும் வங்கிக் கணக்கை வாங்கி நூலக மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கி வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பிறகு அடுத்த தாள், அடுத்த தாள். ஒரே தொகை, ஒரே பெயரிலிருந்து வந்து, நாலாம் நாள் போயிருக்கிறது. சிவப்புப் பேனாவால் ஆறு தாளிலும் வட்டம் போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"எல்லா ஃபைலும் காலேஜோட ஒரே லெட்டர்லதான் போகுது. ஒண்ணுல பொய் இருந்துச்சுன்னா, மத்ததையும் அதே கண்ணோடதான் பாப்பாங்க. இதை நான் உள்ள வைக்க மாட்டேன்."

ஆறு பேரும் நன்றாக ஏசினார்கள். ஆனால் அவள் அசையவில்லை. கடைசியில் முனகிக்கொண்டே நகைக்கடன், கல்விக்கடன், அப்பாவின் வைப்புத்தொகை என்று வீட்டிலுள்ள உண்மையான கணக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒருநாள் மாலை பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கை கிடைத்தது. "உனக்கு ஏன் இம்புட்டு பயம்?" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். அவளுடைய அப்பாவுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு சின்ன ரெடிமேட் கடை. அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்குச் சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

"எங்க அத்தா கணக்குல ஒரு பைசா குத்தம் கெடையாது. ஆனா அவருக்கு யாராச்சும் சத்தமா கேட்டா வாய் வராது. இந்தச் சரக்கு எங்க வாங்குனதுன்னு கேட்டாங்க. பில்லு டிராயர்லதான் இருக்கு. அத்தாவுக்கு டிராயரே ஞாபகம் வரல. நின்னுக்கிட்டே இருந்தாரு. பில் இல்லையான்னாங்க, ஆமாங்கய்யான்னாரு. அப்ப திருட்டுச் சரக்கான்னாங்க. அதுக்கும் ஆமாங்கய்யான்னாரு."

அபராதம் கட்டினார்கள். டிராயரில் இருந்த பில்லை அவள் எடுத்துப் பார்த்தது மறுநாள். அதிலிருந்து கடையின் காகிதம் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவர் எடுப்பதே இல்லை, அவளிடம் கொடுத்துவிடுவாராம். "பள்ளிவாசல்ல சந்தா கேட்டு வர்றவங்களைப் பாத்தாகூட இப்பல்லாம் எந்திரிச்சு நிக்கிறாரு" என்றாள். அன்றிலிருந்து அவளை ஆடிட்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தினேன்.

என் பணத்தைப் பற்றி எனக்குப் பெருமைதான். சுற்றில் வந்த பணமில்லை, கடனுமில்லை. நாங்கள் வாடிப்பட்டிக்குப் பக்கம், வயலும் கொஞ்சம் தென்னையும். இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றதும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்கு இன்னும் சடங்கு வைக்கலைல்ல?" என்றார். "இருவது வருசமா ஊரு பூரா மொய் செஞ்சு வச்சிருக்கேன். அம்புட்டும் வெளியதான் கெடக்கு. ஒரு மண்டபத்தப் புடிச்சு பத்திரிகை அடிச்சம்னா தன்னால வந்துரும்."

பாப்பா என்றால் என் தங்கை. அவள் பெரியவளான வருடம் தாத்தா இறந்துபோனார், அதனால் வீட்டோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது, மதுரையில் கல்லூரியில் முதலாமாண்டு. எங்கள் பக்கம் இப்படி வருடம் கழித்து வைப்பது புதிதல்ல. கையில் பணம் வேண்டும்போது ஒரு விசேஷம் வைப்பார்கள், போட்ட மொய் திரும்பும், வந்ததை வரும் வருடங்களில் திருப்பிச் செய்ய வேண்டும்.

"இப்ப எதுக்குப்பா இது? வேணாம்ப்பா" என்றாள் தங்கை.

"எல்லாம் உன் அண்ணனுக்குத்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரீடமும் மாலையுமாக அவள் படம் போட்ட பத்தடி பேனரை, அவளுடைய கல்லூரி பஸ் வந்து நிற்கிற இடத்திலேயே கட்டினார்கள் சித்தப்பா மகன்கள். விசேஷத்தன்று நாலு மணி நேரம் மேடையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடைப்பக்கம் போகவில்லை. மொய் எழுத கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக வந்திருந்த ஆளின் பக்கத்திலேயே நின்றேன். மைக்கில் ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தொகையாக வாசிக்க வாசிக்க, மனதுக்குள் யூரோவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். செலவு போக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் நின்றது. திங்கட்கிழமை அப்பா மொத்தத்தையும் வங்கியில் கட்டினார். தங்கை அந்த வாரம் முழுக்க வயிற்றுவலி என்று கல்லூரிக்குப் போகவில்லை.

நூலகத்தில், நான் கொடுத்த கணக்குத் தாளில் அந்த வரி வந்ததும் அவளுடைய ஸ்கேல் நின்றது. "இது?"

"மொய்ப் பணம். உண்மையான பணம்" என்றேன். மொய்ப்பட்டியலை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஊர், பெயர், தொகை என்று முப்பது பக்கம். இதைவிட என்ன சான்று வேண்டும்? அவள் உள்ளே புரட்டவே இல்லை. அட்டையில் தங்கையின் படமும் பெயரும் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் தங்கச்சி பேருல வந்த பணம். அவகிட்ட கேட்டியா?"

"எங்க பக்கம் அதெல்லாம் கேக்குற பழக்கம் கெடையாது. மொய்யின்னா வீட்டுக்கு வர்றதுதான்."

"நான் பழக்கத்தைக் கேக்கல. இந்த அட்டையத்தான அவங்களும் பாப்பாங்க. இந்தப் பொண்ணு சம்மதிச்சுச்சான்னு கேட்டா?"

அவளே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தயார் செய்தாள். எனக்காக நடந்த விழாவில் வந்த பணம் இது. இதை என் அண்ணனின் படிப்புப் பயணத்துக்குப் பயன்படுத்த முழுமனதாகச் சம்மதிக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விவரம் வேண்டுமானால் இந்த எண்ணில் கேட்கலாம். "அவ நம்பர்தான் இருக்கணும். உங்க அப்பா நம்பரப் போட்டுறாத" என்றாள்.

அந்தக் கடிதம் என் பையில் ஐந்து நாள் கிடந்தது. அப்பாவிடம் இரண்டு லட்சம் கேட்கப் பயப்படாதவன், தங்கையிடம் ஒரு கையெழுத்துக் கேட்கப் பயந்து திரிந்தேன். அவள் கையெழுத்தை நானே போட்டால் என்ன என்றும் தோன்றியது. பழைய நோட்டில் இரண்டு தடவை போட்டும் பார்த்தேன், அச்சு அசலாக வந்தது. நூலக மேசையும் அந்த ஸ்கேலும் நினைவுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆறாம் நாள் தங்கை சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நீட்டினேன். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு முறை படித்தாள்.

"யாரு எழுதுனது?"

"கூடப் படிக்கிற பொண்ணு."

"அவங்களா கேக்கச் சொன்னாங்க?"

"ஆமா."

"நீயா கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "போட்டுட்டேன். ஆனா போன் வந்துச்சுன்னா உள்ளதத்தாண்ணே சொல்லுவேன்."

சென்னைக்கு விசா விண்ணப்பம் கொடுக்கப் போனபோது எங்கள் டிரஷரர் எல்லா ஃபைலையும் ஒரே பெரிய பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள். பதினான்கு பேர் போய் வந்த பிறகு பை காலியாக இருந்தது.

"உன் ஃபைல் எங்க?" என்றேன்.

"எனக்கு ஃபைல் இல்ல."

"ஏன்?"

"போன் போட்டுக் கேப்பாங்கன்னு சார் சொன்னாருல்ல. அத்தாவால முடியாது."

"நீதான் பக்கத்துல இருப்பியே. நாலு நாள் சொல்லிக் குடுத்துப் பழக்கிவிட்டா சரியாப் போயிரும்."

"பழக்கிப் பாத்தேன்" என்றாள். "நாந்தான் கேக்குறேன்னு அவருக்கும் தெரியும். அப்பவும் சட்டை நனைஞ்சுருச்சு. மகளுக்காக சொல்லிருவேம்மான்னுதான் சொல்றாரு. ஆனா அன்னையிலருந்து சாப்பிடுறப்ப போன் அடிச்சா கைச்சோறு கீழ விழுது. பன்னெண்டு நாள் நான் ஊரு பாக்குறதுக்கு எங்க அத்தாவ அப்படி உக்கார வைக்கவா?"

ஊர் திரும்பும்போது ரயிலில் போனைத் திறந்து பழைய பட்ஜெட்டைப் பார்த்தேன். பெயர் கொடுத்தவர்கள் பதினைந்து பேர். முதல் நாள் வகுப்பில் காட்டிய தாளிலேயே பஸ் வாடகையும் வழிகாட்டிக் கட்டணமும் பதினான்கால் வகுத்திருந்தாள். எங்கள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எதிர் இருக்கையில் அவள் காலிப் பையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தன் அப்பாவை எதிலிருந்து காப்பாற்றினாளோ, அதில்தான் நான் என் தங்கையை உட்கார வைத்திருந்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நான் நடமாடியதெல்லாம் பயத்தில்தான். வீட்டில் தங்கையின் போன் அடித்தால் யாரென்று எட்டிப் பார்ப்பேன். குளித்துக்கொண்டிருந்தாலும் குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். அவள் உள்ளதைச் சொன்னால் என் ஒருவனுடைய விசா மட்டும் போகாது, பதினான்கும் போகும். ஆறு பேர் பணத்தைச் சுற்றவிட்டதைத் தடுத்தவள் முகத்தில் எப்படி விழிப்பது? தங்கைக்குப் பப்ஸ் வாங்கிப் போனேன், இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். "அண்ணனுக்கு இப்பத்தான் தங்கச்சி மேல பாசம் வந்திருக்கு" என்று அம்மா சந்தோஷப்பட்டார். தங்கை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள், எதையும் பிரிக்கவில்லை.

கல்லூரியில் அவளும் தினமும் கேட்டாள். "போன் வந்துச்சா?" ஒருநாள் சொன்னாள், "உன் ஃபைலுக்குத்தான் நான் ரொம்ப பயப்படுறேன். மத்ததெல்லாம் வெறும் காகிதம். உன்னோடதுல ஒரு ஆளு இருக்கா."

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, நூலக நடையில் நின்றுகொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

"போன் வந்துச்சுண்ணே."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன கேட்டாங்க?"

"உங்க இஷ்டத்தோடதான் குடுத்தீங்களா, யாரும் கட்டாயப்படுத்துனாங்களான்னு. ஒரு அம்மா, தமிழ்லதான் பேசுனாங்க. அம்புட்டு மரியாதையா கேட்டாங்கண்ணே. யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதே இல்ல."

"நீ என்ன சொன்ன?"

அந்தப் பக்கம் ஏதோ பஸ் கடந்து போகிற சத்தம் கேட்டது.

"என் இஷ்டந்தான்னு சொன்னேன்."

"பாப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"உள்ளதச் சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரலண்ணே. பொய்தான் சொன்னேன். கிளாஸ் இருக்கு, வைக்கிறேன்."

தலை நிமிர்ந்தபோது எதிரே அவள் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். "போனா? என்ன சொன்னா?"

"தன் இஷ்டந்தான்னு சொல்லிட்டாளாம்" என்றேன். அதற்கு மேலே ஒரு வார்த்தை இருந்தது, அதை விழுங்கினேன்.

அவள் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அப்படியே என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். "நான் அந்தப் புள்ளையத் தப்பா நெனச்சுட்டேன். அட்டையில மொகத்தப் பாத்துட்டு, இவளுக்கு இதுல இஷ்டமே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவ நம்பர்தான் லெட்டர்ல இருக்கே, சாயங்காலம் ஒரு நன்றி சொல்லணும்."

"வேணாம், அவளுக்குப் பரீட்சை" என்று அவசரமாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலிலேயே சொன்னாள். "உன் கூடப் படிக்கிற அக்கா பேசுனாங்க. அரைமணி நேரம். ரொம்ப நல்லவங்கண்ணே."

"என்ன கேட்டாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க. காலேஜ் பத்தி, பேனர் பத்தி கேட்டாங்க. பெறகு, நெசமாவே இஷ்டமான்னு கேட்டாங்க." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "அவங்ககிட்ட எனக்கு வாய் வந்துச்சு."

அடுத்த நாள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்பினேன். ஃபைலைத் திரும்பப் பெறச் சொல்வாள், பேராசிரியரிடம் போவாள், வகுப்பு நடுவில் எழுந்து நிற்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் எதுவும் செய்யவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று பேருடைய பயணம் என் ஃபைலோடு கட்டிக் கிடந்ததால் விட்டாளா, தங்கை கெஞ்சிக் கேட்டதால் விட்டாளா, எனக்குத் தெரியாது. இருவரிடமும் இன்றுவரை நான் கேட்டதில்லை. பத்து நாளில் பதினான்கு பாஸ்போர்ட்டும் விசாவோடு வந்தன.

ஜெர்மனியில் எல்லாம் அவள் போட்ட கணக்குப்படியே நடந்தது. கழிப்பறைக் காசுகூடச் சரியாக இருந்தது. ஒவ்வொரு பில்லையும் பத்திரமாக எடுத்து வைத்தேன், ரொட்டி வாங்கிய சீட்டு முதற்கொண்டு. எந்தச் சீட்டை நீட்டிக் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக, பின்னால் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

திரும்பி வந்து மூன்றாம் நாள் வகுப்பறையில் கணக்கு ஒப்படைத்தோம். அவள் மேசையில் ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் நின்றவனை அரை மணி நேரம் விடவில்லை. இந்த மூன்று யூரோ என்ன, இந்தத் தேதியில் நீ அந்த ஊரிலேயே இல்லையே, இந்தச் சீட்டில் பெயர் ஏன் அழிந்திருக்கிறது. அவன் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். என் முறை வந்தது. கவரை நீட்டினேன். அவள் அதைப் பிரிக்கவில்லை, பேனாவைத் தொடவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கவரை அப்படியே ஃபைலுக்குள் வைத்து, என் பெயருக்கு நேராக 'சரி' என்று எழுதினாள். ஏதாவது ஒன்றைக் கேட்பாள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் அடுத்தவனைக் கூப்பிட்டாள்.